ஒரு கை கூடுதல்

வேலாங்குளம்
21.8.2002

மாரீஸ்வரிக்கு,

சுருளிவேல் எழுதுறது. நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்க மனசு வரல. நேராக் கேட்டுர்றேன். முந்தாநாள் உங்க புளியங்களத்துல தாசில்தார் முன்னால நடந்த கூட்டத்துல நீ கை தூக்கினியாமே, நெசமா?

டீக்கடையில வச்சுத்தான் கேள்விப்பட்டேன். நம்ம ஊராட்சித் தலைவர் பிச்சைமணி நாலு பேரு முன்னால சொல்றாக: "வார்டு மெம்பர் பொண்டாட்டியே ஊரைப் பிரிக்கக் கை தூக்கியிருக்கா. நாம யாரைக் குத்தம் சொல்ல?" நானும் அங்கனதான் நிக்கிறேன். டம்ளரை வச்சுட்டு வந்துட்டேன்.

வேலாங்குளத்தை விட்டுப் பிரிஞ்சு புளியங்களம் தனி ஊராட்சி ஆகணும்னு உங்க அண்ணன் பாண்டீஸ்வரன் மனு மேல மனுவாப் போட்டு அலைஞ்சாக. சரி, அந்தக் குக்கிராமத்து ஜனங்க என்ன நெனைக்கிறாகன்னு கேளுங்கன்னு மேல இருந்து உத்தரவு வந்துச்சு. கேட்டாக. பாதிப்பேர் கை தூக்கினாக, பாதிப்பேர் தூக்கல. ஒரே ஒரு கை கூடுதல். அந்தக் கை உன்னோடதுன்னு இப்ப ஊரே பேசுது.

நேத்து இங்கன ஊர்க்கூட்டம் போட்டு, இனிமே யாரும் கல்லோடையைத் தாண்டக் கூடாது, புளியங்களத்து ஆளுகளோட பேச்சு வச்சுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுட்டாக. பள்ளிக்கூடத்துக்கு வர்ற பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. அதனாலதான் இந்தக் கடுதாசி. நம்ம கொல்லையில நின்னா உங்க வீட்டு ஓடு தெரியுது. ஆனா இது தேவதானப்பட்டி போயி, கெங்குவார்பட்டி போயி, சுத்தி வந்து உன் கைக்குச் சேரணும்.

நீ கோவிச்சுக்கிட்டு உங்க ஆத்தா வீட்டுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. தணிஞ்சதும் வருவேன்னு இருந்தேன். நம்ம பிள்ளை விஜியைப் பள்ளிக்கூடத்து வாசல்ல பார்த்தேன். சடை நல்லாப் பின்னியிருந்துச்சு.

தூக்கலன்னு ஒரு வரி எழுதிப் போடு. நான் நம்பிக்கிறேன்.

சுருளிவேல்


புளியங்களம்
26.8.2002

மாமாவுக்கு மாரீஸ்வரி எழுதுறது.

தூக்கினேன்.

யாரும் சொல்லித் தூக்கல. அண்ணன்கூடச் சொல்லல. ஊர்நடு மந்தையில தாசில்தார் நாற்காலி போட்டு ஒக்காந்துக்கிட்டு, "பிரியணும்ங்கிறவுக கையைத் தூக்குங்க"ன்னாக. மேலத்தெரு பூராத் தூக்குச்சு. கீழத்தெரு பூராக் குனிஞ்சுக்கிச்சு. என் பக்கத்துல பஞ்சம்மாள் அக்கா. அவுகளுக்குப் பிச்சைமணி மாந்தோப்புலதான வேலை. "நீயும் தூக்குக்கா"ன்னேன். "தூக்குனா நாளைக்கு இந்தக் கைக்கு யாரு வேலை குடுப்பா?"ன்னு முந்தானைக்குள்ள கையை ஒளிச்சுக்கிட்டாக. அதைப் பார்த்ததும் என் கை மேல போயிருச்சு. எறக்கணும்னு தோணல.

போன ஐப்பசியில ஆத்தா செத்தப்ப ஓடையில கழுத்தளவு தண்ணி. சுடுகாடு உங்க கரையில. ரெண்டு நாள் ஆத்தாளை வீட்டுல கெடத்தி வச்சுக்கிட்டு, தண்ணி எறங்குமா எறங்குமான்னு அய்யா ஓடைக்கும் வீட்டுக்கும் நடந்தாக. மூணாம் நாள் டிராக்டர் டியூபைக் கட்டி, பாடையை மெதக்க விட்டு இழுத்தாக. அக்கரையில நின்னு கயித்தைப் பிடிச்சது நீங்கதான். அழுதுக்கிட்டே என்ன சொன்னீக? "நான் மெம்பரா இருக்கிற வரைக்கும் பாலம்தான் மாரி மொத வேலை"ன்னு சொன்னீக.

ஆனியில ஊராட்சிக் கூட்டம் வந்துச்சு. ஓடைக்குப் பாலமா, வேலாங்குளத்துக்குச் சமுதாயக்கூடமான்னு கேட்டாக. பாலத்துக்குக் கை தூக்குனது எங்க புளியங்களத்து மெம்பர் ஒருத்தர்தான். நீங்க தூக்கல. வீட்டுல வந்து ஏன்னு கேட்டதுக்கு, "எப்பப் பாரு உன் ஊரு உன் ஊருன்னா அங்கனயே போயி இரு"ன்னீக.

வந்துட்டேன். இருக்கேன். இருக்கிற ஊர்ல கை தூக்கினேன். இதுல எது தப்பு?

மாரீஸ்வரி


வேலாங்குளம்
3.9.2002

மாரி,

ஆத்தா விசயத்தைப் படிச்சுட்டு அன்னைக்குத் தோட்டத்துக்குப் போகல. கயித்தைப் பிடிச்சதும் நான்தான், வாக்குக் குடுத்ததும் நான்தான். இல்லைங்கல.

ஆனா நம்ம எலுமிச்சைக்குத் தண்ணி எங்கன இருந்து வருது? பிச்சைமணி தலைவர் கெணத்துல இருந்து. அவுக மோட்டாரை நிறுத்தினா ஒரு கோடையில மரம் பூரா விறகாயிரும். அன்னைக்குக் கூட்டத்துல அவுக என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தாக. தூக்கணும்னுதான் நெனச்சேன். தூக்கல. அதுக்கு நீ பேசினது சரி. நான் பேசினது கோவத்துல பேசினது. கோவத்துல சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா?

இப்ப விசயம் பெருசாயிருச்சு. தலைவர் ஆட்சேபனை மனு குடுத்திருக்காக. மாரீஸ்வரி வேலாங்குளத்துல வாக்கப்பட்டவ, ஓட்டர் லிஸ்டுலயும் ரேஷன் கார்டுலயும் பேரு இங்கனதான் இருக்கு, அதனால அவ கை செல்லாதுன்னு. அந்தக் கையை எடுத்துட்டா ரெண்டு பக்கமும் சமம். சமம்னா பிரியிற தீர்மானம் தோத்துச்சுன்னு அர்த்தமாம். அடுத்த மாசம் மொத வாரம் பெரியகுளத்துல விசாரணை. என்னையும் சாட்சிக்குப் போட்டிருக்காக. "என் பொண்டாட்டி என் வீட்டுலதான் குடியிருக்கா, ஆத்தா வீட்டுக்கு விருந்தாடிப் போயிருக்கா"ன்னு நான் சொல்லணும்னு தலைவர் வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாக. அம்மா காபி போட்டுக் குடுத்துச்சு.

மாரி, விசாரணைக்கு முன்னால நீயே வந்துரு. நீ வந்துட்டா நான் யாரு முன்னாலயும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. தப்பா எடுத்துக்காத. தலைவருக்காகக் கூப்பிடல.

சுருளிவேல்


புளியங்களம்
11.9.2002

மாமாவுக்கு,

தலைவருக்காகக் கூப்பிடலன்னு எழுதியிருக்கீக. ஆனா தலைவர் வந்துட்டுப் போன பிறகுதான கூப்பிடுறீக.

எனக்கும் நோட்டீஸ் வந்துருச்சு. அண்ணன் பெரியகுளம் போயி ஒரு வாக்குமூலம் டைப் அடிச்சுக் கொண்டுவந்தாக. "நான் என் கணவரைப் பிரிந்து புளியங்களத்தில் நிரந்தரமாக வசித்து வருகிறேன்." அடியில என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனாவை நீட்டிக்கிட்டே நிக்கிறாக. "ஒரு வரிதான்த்தா. இந்த ஒரு வரியில நம்ம ஊரு நிக்குது"ங்கிறாக. அந்த 'நிரந்தரமாக'ங்கிற வார்த்தையிலயே என் கண்ணு நிக்குது.

நான் கையெழுத்துப் போடல. போட மாட்டேன்னும் சொல்லல. அண்ணனைப் பார்த்தாலும் பாவமா இருக்கு. மனுக் குடுத்து மனுக் குடுத்து, சொந்த வேலையைப் பார்க்காம ஆளே கறுத்துப் போனாக. அதுலயும் ஆத்தா கெடந்த அந்த ரெண்டு நாள்தான் அவுகளை இப்படி ஆக்குச்சு.

உங்க ஊர்லயும் எங்க ஊர்லயும் ஒரே கேள்விதான் ஓடுது. மாரீஸ்வரி யாரு வீட்டு ஆளு? அந்தப் பக்கம் நீங்க இழுக்குறீக, இந்தப் பக்கம் அண்ணன் இழுக்குறாக. எனக்கு என்ன வேணும்னு எந்தப் பக்கமும் கேக்கல. கேட்டாத்தான் எனக்குத் தெரியுமா, அதுவும் தெரியல.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். விசாரணையில, "ஆனி மாசத்துல இருந்து ஆத்தா வீட்டுல இருக்கா"ன்னு மட்டும் சொல்லுங்க. அது நெசம். பிரிஞ்சுட்டாள்னும் சொல்ல வேணாம், என் வீட்டுல இருக்காள்னும் சொல்ல வேணாம். நானும் அதையேதான் சொல்லப் போறேன்.

மாரீஸ்வரி


புளியங்களம்
24.9.2002

சுருளிவேல் மெம்பர் அவர்களுக்கு,

நேத்துச் சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் வந்துருச்சு. விஜி வரல. "அவுக அப்பத்தா கூட்டிட்டுப் போயிருச்சு"ன்னு பிள்ளைக சொல்லுச்சு. நான் செருப்புக்கூடப் போடாம ஓடையைத் தாண்டி வந்தேன். உங்க கட்டுப்பாடு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வந்தேன்.

உங்க அம்மா வாசலை மறிச்சுக்கிட்டு நின்னாக. "பேத்தி அவ அப்பன் வீட்டுல இருக்கா. ஒனக்கும் வேணும்னா உள்ள வா. வந்து இரு. ஒருத்தரும் தடுக்கல"ன்னாக. பின்னால தெருவே கூடி நிக்குது. பிச்சைமணி ஆளு ஒருத்தர், "உள்ள போத்தா, போனா எல்லாம் முடிஞ்சுச்சு"ங்கிறாரு. எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. பிள்ளையைக் காட்டி என்னைய உள்ள இழுத்துட்டா, வர்ற விசாரணையில நான் வேலாங்குளத்துக்காரி.

அந்த வாசல்ல நின்னு நான் போட்ட சத்தம் உங்க காதுல விழுகல? வீட்டுக்குள்ளதான இருந்தீக? உங்க செருப்பு வாசல்ல கெடந்துச்சு.

எம்பிள்ளைக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்ல. கொல்லைப்பக்கமா ஓடிவந்து என் காலைக் கட்டிக்கிச்சு. தூக்கிட்டு வந்துட்டேன். ராத்திரி பூரா என் சேலையை விடல. இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. இனிமே அனுப்புறதாவும் இல்ல.

அண்ணன் அந்தப் பேப்பரைத் திரும்ப எடுத்துட்டு வந்தாக. இந்தத் தடவை பேனாவைக் கையில வாங்கிட்டேன்.

மாரீஸ்வரி


வேலாங்குளம்
27.9.2002

மாரி,

கொல்லைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. விஜிக்கு அது எட்டாது. உனக்கே தெரியும்.

முன்வாசலுக்கு நான் வந்திருக்கணும். வந்தா ஒண்ணு அம்மாவைத் தள்ளணும், இல்ல உன்னைய உள்ள கூப்பிடணும். ரெண்டும் முடியல. பிள்ளையைத் தூக்கி, "அம்மாகிட்ட ஓடு, சத்தம் போடாம ஓடு"ன்னு சொல்லி எறக்கி விட்டேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.

அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. பேசுறதில்ல. தலைவர் காதுக்கும் போயிருச்சு. நேத்து மந்தையில என்னைய நிக்க வச்சு, "நீ எந்த ஊரு மெம்பரு?"ன்னு கேட்டாக.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. இனிமே யாரும் தொட மாட்டாக. நான் தினமும் சாயந்திரம் ஓடை வரைக்கும் பின்னாலயே வர்றேன். பேச மாட்டேன். ஓடையைத் தாண்டுற வரைக்கும் பார்த்துட்டுத் திரும்பிருவேன்.

கையெழுத்துப் போட்டுட்டியா? அதை மட்டும் சொல்லு. விசாரணையில நான் என்ன சொல்லப் போறேன்னு கேக்காத. எனக்கே தெரியல.

சுருளிவேல்


புளியங்களம்
9.10.2002

மாமாவுக்கு,

கையெழுத்துப் போடல. உங்க கடுதாசி வந்த அன்னைக்கு அந்தப் பேப்பரை மடிச்சு அண்ணன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். கொல்லைத் தாழ்ப்பாளை நெனச்சுத்தான் குடுத்தேன். அதை நெனச்சா இப்ப என்னைய நானே அடிச்சுக்கணும்போல இருக்கு.

பெரியகுளத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும். ஆனா என் பக்கத்துல இருந்து எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கங்க.

விசாரணை அதிகாரி என்னைய மொதல்ல கூப்பிட்டாக. "நீங்க புளியங்களத்துல நிரந்தரமா இருக்கீங்களாம்மா?"ன்னாக. "ஆனியில இருந்து இருக்கேன் சார். நாளைக்கு எங்கன இருப்பேன்னு யாருக்குத் தெரியும்?"னேன். எல்லாரும் சிரிச்சாக. நீங்க சிரிக்கல. நீங்களும் அதையேதான் சொல்லப் போறீகன்னு நம்பிக்கிட்டு நின்னேன்.

உங்களைக் கூப்பிட்டாக. "உங்க மனைவி எங்க குடியிருக்காங்க?" நீங்க என்னையப் பார்த்தீக. பார்த்துக்கிட்டே சொன்னீக: "என் வீட்டுலதான் சார் இருக்கா. அவ சேலை அங்கனதான் இருக்கு, அவ பெட்டி அங்கனதான் இருக்கு. அவ வச்ச மல்லிச்செடிக்கு நான்தான் தண்ணி ஊத்துறேன். அவ எங்க வீட்டு ஆளு."

அம்புட்டுத்தான். ஓட்டர் லிஸ்டும் அங்கன, ரேஷன் கார்டும் அங்கன, புருசனும் அங்கனதான்னு சொல்றாரு. என் கையைக் கணக்குல இருந்து அடிச்சுட்டாக. தீர்மானம் ரத்து. தை மாசம் மறுபடியும் ஓட்டு, இந்தத் தடவை கை தூக்குறது இல்ல, சீட்டுல குத்திப் பெட்டியில போடணும், யாரு யாரு அந்த ஊரு ஆளுன்னு முன்னாலயே லிஸ்டு போட்டு ஒட்டணும்னு எழுதிட்டாக.

வெளிய வந்தா உங்களுக்கு மாலை. பிச்சைமணி உங்க தோள்ல கை போட்டுக்கிட்டு வர்றாக. அண்ணன் என்னையத் திரும்பிக்கூடப் பார்க்கல. பஸ்ஸுல முன் சீட்டுல போயி ஒக்காந்துக்கிட்டாக. நான் கையெழுத்துப் போட்டிருந்தா ஊரு ஜெயிச்சிருக்கும். உங்களை நம்பினேன், ஊரு தோத்துச்சு. கெணத்தடிக்குப் போனா பேச்சு நின்னுபோகுது.

மல்லிச்செடிக்குத் தண்ணி ஊத்துறதை இத்தனை நாள்ல ஒரு கடுதாசியில எழுதியிருக்கலாம்ல? அதைக் கொண்டுபோயி அங்கனதான் சொல்லணுமா?

மாரீஸ்வரி


வேலாங்குளம்
18.10.2002

மாரி,

ஒவ்வொரு வரியும் சரி.

ஆனா இதை நம்பு. பெரியகுளத்துக்குப் போற வழியெல்லாம், "ஆனியில இருந்து ஆத்தா வீட்டுல இருக்கா"ங்கிறதைத்தான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே போனேன். அந்த வரியைத்தான் சொல்லணும்னு நின்னேன். "மனைவி எங்க குடியிருக்காங்க"ன்னு கேட்டதும், அத்தனை பேரு முன்னால, "அவ அங்கன இருக்கா, என்கிட்ட இல்ல"ன்னு சொல்ல வாய் வரல. சொல்லிட்டா அதுதான் நெசமாயிரும்னு பயந்துட்டேன். தலைவருக்காகவும் சொல்லல, தண்ணிக்காகவும் சொல்லல. இதை ஊர்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். நீ நம்பாட்டியும் நான் கோவிச்சுக்க முடியாது.

அந்த மாலையை பஸ் ஸ்டாண்டுலயே கழத்தி, ஒரு ஆட்டுக்குப் போட்டுட்டேன்.

ரொம்ப யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். மெம்பர் பதவியை ராஜினாமா பண்ணப் போறேன். பண்ணிட்டு நான் புளியங்களத்துக்கு வந்துர்றேன். ரேஷன் கார்டை அங்கன மாத்திருவோம். கார்த்திகைக்குள்ள மாத்திட்டா தை மாச லிஸ்டுல உன் பேரும் வந்துரும், என் பேரும் வந்துரும். ஒரு கையை நான் கெடுத்தேன். ரெண்டு ஓட்டாத் திருப்பித் தர்றேன்.

வீட்டோட மாப்பிள்ளைன்னு சிரிப்பாக. சிரிக்கட்டும். உங்க அய்யாகிட்டயும் அண்ணன்கிட்டயும் கேட்டுச் சொல்லு.

சுருளிவேல்


புளியங்களம்
30.10.2002

மாமாவுக்கு,

அண்ணன்கிட்டக் கேட்டேன். மூணு வாரம் கழிச்சு அன்னைக்குத்தான் என்கிட்டப் பேசினாக. "ரெண்டு ஓட்டா? ஒடனே வரச் சொல்லு"ன்னாக. அவுக மூஞ்சியில அம்புட்டு வெளிச்சம்.

நான் வேணாம்னு சொல்லிட்டேன்.

கோவத்துல சொல்லலை. நீங்க இப்ப வந்தா என்ன ஆகும்? "ஓட்டுக்காகப் புருசனையே எறக்கிட்டா"ன்னு பிச்சைமணி நாளைக்கே அடுத்த மனுவை எழுதுவாக. ஒரு ஓட்டோ ரெண்டு ஓட்டோ கூடுதலா ஜெயிச்சாலும் அது உங்க ஓட்டு, என் ஓட்டுன்னு பிடிச்சு இழுப்பாக. திரும்பவும் பெரியகுளம், திரும்பவும் "உங்க மனைவி எங்க குடியிருக்காங்க?" என்னால முடியாது மாமா. எங்க ஊரு ஜெயிச்சா, யாரும் வாயைத் தொறக்க முடியாத மாதிரி ஜெயிக்கணும். அதுக்கு என் ஓட்டும் வேணாம். லிஸ்டுல என் பேரைச் சேர்க்கச் சொல்லி நான் கேக்கப் போறதில்ல. அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. அய்யாதான் அந்தத் தட்டை எடுத்து வச்சாக.

ஓட்டு இல்லைன்னா வேலை இல்லைன்னு இல்ல. சாயந்திரமானாக் கீழத்தெருவுக்குப் போறேன். எந்தப் பக்கம் போடுன்னு சொல்றதில்ல. சீட்டு எப்படி இருக்கும், எப்படி மடிக்கணும், பெட்டிக்கு முன்னால மறைப்பு இருக்கும், யாரு குத்தினதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு மட்டும் சொல்றேன். பஞ்சம்மாள் அக்கா கேட்டாக: "யாருக்கும் தெரியாதுன்னா, மேல இருக்கிற சாமிக்குமா தெரியாது?" "சாமிக்குத் தெரியும்க்கா. ஆனா சாமி பிச்சைமணிகிட்டப் போயிச் சொல்லாது"ன்னேன். அக்கா சிரிச்சுட்டாக.

நீங்க வர்றதுன்னா ஓட்டு முடிஞ்ச பிறகு வாங்க. நாங்க ஜெயிச்சாலும் வாங்க, தோத்தாலும் வாங்க. ஓட்டுக்காக வர்றதா இருந்தா வரவே வேணாம்.

மாரீஸ்வரி


வேலாங்குளம்
12.12.2002

மாரி,

ராஜினாமாவைக் குடுத்துட்டேன். மறுநாளே தலைவர் மோட்டாரை நிறுத்திட்டாக. எலுமிச்சை இலை சுருள ஆரம்பிச்சிருச்சு. தெக்குத் தோட்டத்து ஒச்சாண்டி மாமா ஒரு வேளைத் தண்ணி விட்டாக. அதுக்கு அவுகளையும் கூப்பிட்டு மிரட்டியிருக்காக. இனிமே கேக்க மாட்டேன். பத்து மரத்துக்காவது குடத்துல தூக்கி ஊத்துறேன்.

அம்மா சோறு வடிச்சு மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருது. போடுறதில்ல. நானே போட்டுச் சாப்பிட்டுக்கிறேன்.

ஓட்டு முடிஞ்சு வான்னு எழுதியிருக்க. சரி. ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க ஜெயிச்சா, "ஜெயிச்ச பக்கம் ஓடிட்டான்"ம்பாக. தோத்தா, "பொண்டாட்டியைத் தோக்கடிச்சுட்டுப் பின்னாலயே போறான்"ம்பாக. எப்ப வந்தாலும் பேச்சு இருக்கத்தான் செய்யும். பேச்சில்லாம வர்றதுக்கு ஒரு நாளும் இல்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் நானும் இருக்கேன்.

ஓடைக்கரையில ராத்திரி காவல் போட்டிருக்காக. உங்க அண்ணனைத் தனியா எங்கயும் போக வேணாம்னு சொல்லு. காரணம் கேக்காத.

சுருளிவேல்


புளியங்களம்
23.1.2003

மாமாவுக்கு,

ஓட்டு முடிஞ்சுச்சு. வேட்டுச் சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

காலையில இருந்தே உங்க ஊரு ஆளுக ஓடையை ஒட்டி வரிசையா நின்னாக. சும்மாதான் நின்னாக, ஆனா கையில கம்பு. போலீஸ்காரக நடுவுல நின்னாக. கீழத்தெருவுல இருந்து மொதல்ல யாரும் வரல. எல்லாக் கதவும் சாத்தியே கெடந்துச்சு. அண்ணன் பெட்டியைப் பார்க்குறாக, தெருவைப் பார்க்குறாக. உச்சிவெயிலுக்கு மேல பஞ்சம்மாள் அக்கா வந்தாக. தலையைக் குனியல. பின்னாலயே ஒவ்வொருத்தரா வந்தாக. நான் மந்தைச் சுவத்தோரமா, கயித்துக்கு வெளிய நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.

பெட்டியைத் தொறந்து எண்ணினாக. பாதிக்குப் பாதி வரும், திரும்பவும் ஒத்தை ஓட்டுல தொங்கும்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்தோம். அஞ்சுல நாலு பங்கு பிரியணும்னு விழுந்திருக்கு. கணக்குப் பார்த்தா கீழத்தெருவுல பாதிக்கு மேல நம்ம பக்கம் குத்தியிருக்காக. அண்ணன் மண்ணுல ஒக்காந்துட்டாக. பிச்சைமணி ஆளுக கையெழுத்துப் போட்டுட்டு ஓடையைத் தாண்டிப் போனாக. மறுக்க ஒண்ணும் இல்ல.

என் கையில ஊரே தொங்குதுன்னு நெனச்சு இந்த அஞ்சு மாசமும் தூங்காமக் கெடந்தேன். கடைசியில என் கை தேவையே படல. சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்தவளுக்கு அழுகை வந்துருச்சு. விஜி பயந்துபோச்சு.

மறுநாள் விடியக்காலம் தோப்பு வேலைக்கு ஆள் ஏத்துற டிராக்டர் வரல. இன்னைக்கும் வரல. பயந்தது நடந்துச்சு. பஞ்சம்மாள் அக்காகிட்டப் போனேன், எப்படி மூஞ்சியில முழிக்கிறதுன்னு தெரியாம. "கெங்குவார்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புல ஆள் கேக்குறாக. தூரம்தான். நடக்கணும்"ன்னாக.

அரசாங்க உத்தரவு வர இன்னும் நாளாகுமாம். வந்த பிறகுதான் பாலத்துக்கு மனு.

ஓட்டு முடிஞ்சுச்சுன்னு எழுதிட்டேன். இனி உங்க இஷ்டம்.

மாரீஸ்வரி


வேலாங்குளம்
27.1.2003

மாரி,

நான் வர்றேன்னு அம்மாகிட்டச் சொன்னேன். சட்டியை ஒடைக்கும், மருந்தைக் குடிப்பேன்னு சொல்லும்னு நெனச்சுத்தான் சொன்னேன். முறத்தைக் கீழ வச்சுச்சு. அப்புறம் சொல்லுச்சு: "என்னைய சின்னமனூர்ப் பக்கம் இருந்து கட்டிக் கொண்டுவந்தப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. இன்னைக்கு வரைக்கும் உனக்கு எந்த ஊருன்னு ஒருத்தரும் என்னையக் கேட்டதில்ல. அந்தக் கழுதையை ஆபீசுல நிக்க வச்சுக் கேட்டாகளே. கேட்டதுக்கு அவளும் வாயைத் தொறந்து சொன்னாளே."

உன்னையத் திட்டுச்சா, மெச்சுச்சா, தெரியல. நீயும் வாம்மான்னேன். "இது நான் கட்டின வீடு. நான் எங்கயும் வரல. நீ போறதுன்னாப் போ. வாரத்துக்கு ஒரு நாள் பேத்தியோட வா. உன் கட்டுப்பாட்டுக்காரன் எவன் தடுக்குறான்னு நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லிட்டு மறுபடியும் முறத்தை எடுத்துக்கிச்சு. அன்னைக்குச் சோறு போட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். ராத்திரியில ஒளிஞ்சு வரமாட்டேன். எல்லாரும் பார்க்க, மந்தை வழியாத்தான் வருவேன். மிஞ்சின மரத்தை ஒச்சாண்டி மாமா குத்தகைக்குப் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்காக. செவலைப் பசு சினையா இருக்கு, அதை விட்டுட்டு வர முடியாது. அங்கன கட்ட இடம் இருக்குமா? உங்க அண்ணன் என்ன சொல்வாக? நீ கொஞ்சம் முன்னாலயே பேசி வச்சா நல்லா இருக்கும். அவுக மூஞ்சியைப் பார்க்க எனக்குத்தான் தெம்பு இல்ல.

சுருளிவேல்


புளியங்களம்
31.1.2003

மாமாவுக்கு,

இது தபால்ல வந்தா நீங்க கெளம்புறதுக்குள்ள கெடைக்காது. தபால்காரரைக் கெஞ்சி நேராக் குடுத்து விடுறேன்.

பசுவைக் கட்ட இடம் இருக்கு. அய்யா நேத்தே தொழுவத்தைக் கூட்டி, புதுசா முளை அடிச்சுட்டாக. வரப்போறது யாருன்னு அவுகளும் கேக்கல, நானும் சொல்லல.

அண்ணன்கிட்ட நான் பேசி வைக்கல. பேச மாட்டேன். நீங்க சொன்ன ஒரு வார்த்தையால அவுக பட்டது எம்புட்டுன்னு எனக்குத் தெரியும். ஏன் சொன்னீகன்னும் எனக்குத் தெரியும். ஆனா உங்க பேச்சை அவுகளுக்கும் அவுக பேச்சை உங்களுக்கும் நான் இனிமே சொமக்கப் போறதில்ல. அவுக வாசல்லதான் ஒக்காந்திருப்பாக. ஒருவேளை எந்திரிச்சுப் போனாலும் போவாக. கத்தினாலும் கத்துவாக. நீங்க நின்னு கேக்கணும். திருப்பிச் சொல்லவும் உங்ககிட்ட வார்த்தை இருந்தாச் சொல்லணும். எம்புட்டு நேரமானாலும் நான் நடுவுல வர மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை கீழத்தெருப் பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டுக் கெங்குவார்பட்டித் தோப்புக்குக் கூலி பேசப் போறோம். விஜியையும் என்கூடக் கூட்டிட்டுப் போறேன். பொழுது சாயத்தான் வருவேன்.

சோறு ஆக்கி வச்சுட்டுப் போறேன். உங்களுக்கு, அண்ணனுக்கு, அய்யாவுக்குன்னு மூணு பேருக்கும் சேர்த்து ஒரே சட்டியிலதான் இருக்கும்.

மாரீஸ்வரி